தண்ணீரில் தெரிந்தவர்கள்

மூணுகிணத்துப்பட்டிக்கு மேற்கே, ஊர் முடிந்து சீமைக்கருவேலங்காடு தொடங்கும் இடத்தில், திரவியம் தன் வீட்டுக் கொல்லையில் வெட்டிய குளத்துக்கு முதன்முதலில் தண்ணீர் குடிக்க வந்தது ஒரு வெளிமான். அந்தப் பக்கத்தில் வெளிமான் என்ற பேச்சே அற்றுப்போய் எழுபது வருஷம் இருக்கும் என்பதால், திரவியத்துக்கே அதன் பெயரைச் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தது என்று சொல்வதைவிடத் தெரிந்தது என்று சொல்வதுதான் சரி. கரையில் மான் இல்லை, கரையில் இருந்தது நேற்று ஊன்றிய கோரைப்புல்லும் ஒரு மண்வெட்டியும்தான். ஆனால் தண்ணீருக்குள் முறுக்கிய கொம்பும் வெள்ளை வயிறுமாக ஒரு கலைமான் தலைகீழாக நின்று, கீழேயிருந்து மேலே வாயை நீட்டி நிதானமாகக் குடித்தது. நாக்குப் பட்ட இடத்திலிருந்து அலை வட்டம் வட்டமாக விரிந்து வந்து, சரிவில் நின்றிருந்த செண்பகவல்லியின் கால்விரலை நனைத்தது.

"மோட்டாருத் தண்ணியத்தான குடிக்குது?" என்று அவள் கேட்டாள். அந்தத் தண்ணீருக்காகத்தான் விடியற்காலையில் மூணு ஃபேஸ் கரண்டு வரும் நேரம் பார்த்து எழுந்து பம்புசெட்டைப் போட்டிருந்தாள்.

"எழுது," என்றார் திரவியம். "ஆணு. ஒண்ணு. தண்ணி குடிச்சுக்கிட்டிருந்துச்சு."

அவள் எழுதினாள். எழுதுகிற வேலை அவளுடையது. திரவியத்துக்கு வலக்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடையாது, முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்ததில் அவற்றைக் கரண்டு தின்றுவிட்டது. அந்த முப்பத்தோரு வருஷமும் மழைக்காலம் தொடங்குமுன் கம்பங்களில் ஏறிக் கூடுகளைப் பிரித்துப் போடுவது அவர் வேலையில் ஒரு பங்கு. காக்கைக் கூட்டில் செப்புக்கம்பி இருக்கும், ஈரம் பட்டால் லைன் போய்விடும், அதனால் பிரிக்கத்தான் வேண்டும். பிரிக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு எப்படியோ ஒட்டிக்கொண்டது. முட்டையோடு பிரித்தது எத்தனை, குஞ்சோடு பிரித்தது எத்தனை என்று கட்டிய மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, ஆனால் ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு, மாமனார் விட்டுப்போன காட்டில் வீடு கட்டிக் குடிவந்து, கொல்லையில் ஒரு குளம் வெட்ட வேண்டும், போகிற வருகிற உயிருக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

எட்டு விரலால் வெட்டிய குளம் அது. பத்தடி அகலம், பதினாறடி நீளம், நடுவில் இடுப்பளவு ஆழம். விழுந்தது எதுவானாலும் ஏறி வர வழி வேண்டும் என்று ஒரு பக்கத்தைச் சரிவாக விட்டார். வறண்டு கிடந்த கண்மாயிலிருந்து களிமண் அள்ளி வந்து கொட்டி, புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று நாலு நாள் மிதித்தார்கள். பிள்ளையில்லாத வீட்டில் இப்படி இரண்டு பேரும் சேர்ந்து சேற்றில் நிற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டுப் பஞ்சவர்ணம், இந்த வயசில் என்ன மதினி நடவு விளையாட்டு என்று கேலி செய்துவிட்டுப் போனாள். செண்பகவல்லிக்கு அந்த நாலு நாளும் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கம்பத்தின் மேலேயும் அவள் கீழேயுமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

வெளிமானுக்குப் பிறகு நரி வந்தது, பெட்டையும் மூன்று குட்டிகளுமாக. ஆளுயரத்துக்குக் கழுத்து நீட்டிக்கொண்டு கானமயில் வந்து, தண்ணீருக்குள் நின்றபடி நெஞ்சுப்பையை உப்பிக் காட்டிவிட்டுப் போனது. பருந்தைவிடப் பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் ஏழு, வரிசையாக உட்கார்ந்து சிறகு நனைத்தன. எல்லாம் தண்ணீரில் மட்டும். நோட்டில் தேதி, பெயர், எத்தனை, ஆணா பெண்ணா, என்ன செய்தது என்று ஏற்கனவே கோடு போட்டிருந்ததில் இன்னும் இரண்டு கட்டம் போடச் சொன்னார் திரவியம். ஒன்றுக்குத் 'தண்ணீரில்' என்றும் இன்னொன்றுக்கு 'மேலே' என்றும் தலைப்பு. இந்த மிருகங்களுக்கெல்லாம் 'மேலே' கட்டத்தில் அவள் சைபர் போட்டாள். சைபரைப் பெரிதாகப் போடாதே, சின்னதாகப் போட்டால் போதும் என்று அவர் சொன்னார்.

ஊர் வந்து பார்த்தது. பார்த்த முதல் நாள் ஊர் அதிசயப்பட்டது என்று சொல்ல முடியாது, கோபப்பட்டது. ஏனென்றால் கரையில் வரிசையாக நின்ற நாற்பது பேரில் ஒருவருடைய முகமும் தண்ணீரில் தெரியவில்லை. வேம்பு தெரிந்தது, மேகம் தெரிந்தது, காயப்போட்ட சேலை தெரிந்தது, போன நூற்றாண்டு நரி தெரிந்தது, ஆனால் ஊர்த் தலைவரான அம்பலம் முத்திருளப்பன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாகக் குனிந்து பார்த்தபோது அங்கே வெறும் வானம்தான் இருந்தது. ஆடு தெரியவில்லை, நாய் தெரியவில்லை, மூச்சு விடுகிற எதுவும் தெரியவில்லை. பேய்க்குத்தானே நிழல் விழாது என்று ஒருவர் கேட்டார். அப்ப நாமெல்லாம் யாரு என்று இன்னொருவர் கேட்டார். அம்பலத்துக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் ஊர் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிட்டது. அது சாமித் தண்ணீர், தகுதி உள்ளதைத்தான் காட்டும், நரிக்குத் தகுதி இருக்கிறது நமக்கு இன்னும் வரவில்லை, வரும்போது வரும். நியாயம் கிடைத்தபின் கோபம் போய், யார் முதலில் தெரிவது என்ற போட்டி வந்தது. மூணுகிணத்துப்பட்டியில் எதற்குமே யார் முதல் என்பதுதான் கேள்வி. அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப் போகும் புரவியெடுப்பில் முதல் பரிவட்டம் யார் தலைக்கு என்று அடித்துக்கொண்டு இரண்டு தடவையாக ஆறு வருஷம் திருவிழாவே நின்றுபோன ஊர் அது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பட்டுச்சேலையோடு குளத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறந்த பிள்ளையைப் பதினாறாம் நாள் கொண்டுவந்து காட்டினார்கள். அம்பலம் தினமும் காலையில் முகச்சவரம் முடித்து, பொட்டு வைத்து, காபிகூடக் குடிக்காமல் வந்து நின்று பார்த்துவிட்டு, சும்மா காற்று வாங்க வந்ததுபோல மருமகனே தண்ணீர் போதுமா என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார். திரவியம் அந்த ஊருக்கு மருமகன். மருமகனுக்கு அங்கே விருந்து உண்டு, கேலி உண்டு, கோயில் மரியாதையில் மட்டும் பங்கு கிடையாது.

ஆடி மாதம் தேரை தெரிந்தது. அது பழங்காலத்துத் தேரை இல்லை, அவர்கள் வீட்டுக் குளியலறை வாளிக்குப் பின்னால் குடியிருந்த தேரை, முதுகில் சுண்ணாம்புத் துளி பட்ட தழும்போடு. மேலே அது சரிவில் உட்கார்ந்திருந்தது, கீழே அதன் பிம்பமும் உட்கார்ந்திருந்தது. இரண்டு கட்டத்திலும் 'ஒன்று' என்று முதன்முறையாக எழுதியபோது செண்பகவல்லிக்குப் பெருமையாகக்கூட இருந்தது, நம் வீட்டுத் தேரைக்குத் தகுதி வந்துவிட்டதே என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லிச் சிரித்தாள். புரட்டாசியில் வாளிக்குப் பின்னால் தேரை இல்லை. ஐப்பசி மழையில் ஊரைச் சுற்றி எந்தப் பள்ளத்திலும் தேரைச் சத்தம் இல்லை, தவளைச் சத்தமும் இல்லை, மழை மட்டும் பெய்து நின்றது. கார்த்திகையில் மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவிகள் தண்ணீரில் தெரிந்தன. தைக்குள் கூட்டில் வைக்கோல்தான் மிச்சம். பிறகு மைனா. பிறகு கூட்டம் கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டு திரியும் தவிட்டுக்குருவி. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குருவி எங்கே என்று கேட்டால் செல்போன் கோபுரம் என்றார்கள், தவளை எங்கே என்று கேட்டால் பூச்சிமருந்து என்றார்கள், காரணம் கையில் இருந்ததால் கவலை இல்லாமல் இருந்தார்கள்.

மாசியில் முதல் நோட்டு தீர்ந்தது. புது நோட்டுக்குக் கோடு போடுவதற்காகப் பழையதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிய செண்பகவல்லி, ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு காலண்டரை எடுத்து எண்ணினாள். தேரை தண்ணீரில் தெரிந்த நாளுக்கும் கடைசியாக மேலே கண்ட நாளுக்கும் நடுவில் நாற்பத்தெட்டு நாள். குருவிக்கு நாற்பத்தெட்டு. மைனாவுக்கு நாற்பத்தெட்டு. சரியாக ஒரு மண்டலம், விரதம் இருக்கிற கணக்கு. அடுப்பில் வைத்த சோறு குழைந்துபோகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். அன்றையிலிருந்து, காலையில் எழுந்ததும் அவருக்கு முன்னால் கொல்லைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவதை வேலையாக வைத்துக்கொண்டாள். வானம் மட்டும் தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

வைகாசி இருபதாம் தேதி காலை, திரவியம் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சரிவுக்கல்லில் உட்கார்ந்து பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காபி கொண்டுபோன செண்பகவல்லி தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீருக்குள் துண்டு கட்டிய ஒரு ஆள் எட்டு விரலால் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த காபியை அப்படியே அந்த முகத்தின் மேல் ஊற்றினாள். தண்ணீர் கலங்கியது, பழுப்பாகச் சுழன்றது, தெளிந்தது. முகம் அங்கேயே இருந்தது. அவள் மறுபடியும் கலக்குவதற்குக் கோல் தேடிக்கொண்டிருக்கும்போதே குடத்தோடு வந்த பஞ்சவர்ணம் பார்த்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எங்கண்ணன் தெரிஞ்சிருச்சு, எங்கண்ணன் தெரிஞ்சிருச்சு என்று கத்திக்கொண்டு அவள் ஊருக்குள் ஓடினாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அன்று மத்தியானம் ஊரே கொல்லையில் நின்று பார்த்துவிட்டுப் போனபிறகு, செண்பகவல்லி மண்வெட்டியை எடுத்து, கரையில் குவித்திருந்த மண்ணைக் குளத்துக்குள் தள்ளத் தொடங்கினாள். பத்துக் கூடை அளவு தள்ளியிருப்பாள். திரவியம் வந்து மண்வெட்டிக் கணையைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டைப் பாத்துட்டியா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தேரை போனப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தக் குழிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தீங்க? மூடியிருக்கக் கூடாதா?"

"மீட்டரைக் கழட்டி வச்சுட்டா கரண்டு ஓடாம நின்னுருமா, செம்பகம்? இது கூப்பிட்டுப் போகல. போறதைக் காட்டுது, அவ்வளவுதான். இதை வெட்டுனதுக்கு முன்னாடியே மானு போயிருச்சு, நரி போயிருச்சு, அப்ப யாரு காட்டுனா?"

அவள் மண்வெட்டியை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, குனிந்து, அவர் முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தைத் தேடினாள். தண்ணீரில் அவர் மட்டும் இருந்தார், அவருக்கு இடப்பக்கம் வேம்பின் கிளை இருந்தது. இன்னும் குனிந்தாள், மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்தாள். வேம்புதான். அப்போதுதான் அவள் அழுதாள். அவர் போகிறார் என்பதற்காக இல்லை, தான் போகவில்லை என்பதற்காக அழுதாள்.

அதற்குள் ஊருக்குள் வேறு சண்டை நடந்துகொண்டிருந்தது. முதலில் தெரிந்தவருக்கு ஊர் என்ன செய்ய வேண்டும்? நாலு நாள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். சாமியே பார்த்து முதல் ஆளாகக் காட்டியிருக்கும்போது இந்த வருஷப் புரவியெடுப்பில் முதல் பரிவட்டம் அவருக்குத்தான் என்று ஒரு கட்சி. மருமகன் தலையில் பரிவட்டம் கட்டினால் ஊரில் பிறந்தவன் தலையில் முக்காடா போட்டுக்கொள்வது என்று இன்னொரு கட்சி. கடைசியில் அம்பலம் எழுந்து, தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுத் தலைக்கு வந்த முதல் மரியாதையை இந்த ஒரு வருஷம் தண்ணீருக்காக விட்டுக் கொடுக்கிறேன் என்று சொன்னபோது அவர் குரல் உடைந்துபோனது. கூட்டம் அவரை ஆஹா என்று மெச்சியது. செண்பகவல்லி அந்தக் கூட்டத்துக்கே நேரில் போனாள். பெண்கள் பேசுகிற வழக்கம் இல்லாத இடத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தேரை, குருவி, மைனா என்று தேதியோடு வாசித்தாள். இது மரியாதை இல்லை, இது சாவோலை என்றாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர், தேரைக்கும் மனுஷனுக்கும் ஒரே கணக்கா ஆத்தா என்று தன்மையாகவே கேட்டார். புருஷன் தெரிந்து தான் தெரியவில்லை என்ற வருத்தம் இருக்கத்தான் செய்யும் என்று இன்னொருவர் அவளுக்காகப் பரிந்து பேசினார்.

ஆனி கடைசியில் புரவியெடுப்பு நடந்தது. வேளார் வீட்டிலிருந்து ஆறு மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மேளம் முன்னே போக, ஊர் பின்னே போக, காடு வழியாக அய்யனார் பொட்டலுக்குப் போனார்கள். சந்நிதியில் சிவப்புக் கரை போட்ட பட்டுத்துண்டைப் பூசாரியிடம் வாங்கி, முத்திருளப்ப அம்பலமே தன் கையால் திரவியத்தின் தலையில் கட்டினார். திரவியம் கூச்சத்தோடு நின்றார். நாள் கணக்குத் தெரிந்திருந்தும் அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, ஏனென்றால் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்ததில் யாரும் அவருக்கு ஒரு துண்டுகூடப் போர்த்தியதில்லை. கூட்டத்தில் நின்ற செண்பகவல்லி, பட்டு அவர் நெற்றியைச் சுற்றுவதைப் பார்த்தாள். பிணத்துக்குப் போடுகிற கோடித்துணியை இத்தனை மேளதாளத்தோடு, இத்தனை சிரித்த முகத்தோடு போடுகிற ஊர் இது ஒன்றுதான் என்று நினைத்தாள். குலவைச் சத்தம் எழுந்தது, அவளையும் குலவை போடச் சொன்னார்கள், அவளும் போட்டாள்.

மிச்சம் இருந்த நாட்களில் அவர்கள் விசேஷமாக எதுவும் செய்யவில்லை. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பைத் தினமும் வைத்தாள். நாலாம் நாள் அவரே போதும் என்றார். அவர் குளத்துப் பாசியை வாரினார், அல்லிக்கொடியைப் பிரித்து நட்டார், எந்தக் குருவியும் இல்லாத மரங்களைப் பைனாகுலரால் பார்த்தார். ஆடி நாலாம் தேதி காலை, சரிவுக்கல்லில் உட்கார்ந்தவருக்கு முதுகு காட்டி அவள் கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கல் இருந்தது. கல்லின் மேல் பைனாகுலர் இருந்தது. கல்லில் உட்கார்ந்த சூடுகூட இருந்தது. தண்ணீருக்குள் அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், பிறகு எழுந்து, கரைக்கு அந்தப் பக்கம், கீழே, வெளிமான் போன திசையில் நடந்து போனார். செண்பகவல்லி துண்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டாள், அவர் திரும்பவில்லை.

ஊர் துக்கம் விசாரிக்க வரவில்லை. துக்கம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கேயாவது பறவை பார்க்கப் போயிருப்பார், சாமி காட்டிய ஆளுக்கு என்ன ஆகிவிடும் என்றார்கள். அடுத்து பஞ்சவர்ணம் வீட்டில் நாலு பேரும் ஒரே காலையில் தெரிந்தார்கள்; அவள் ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள், செண்பகவல்லிக்கும் ஒரு கை கொண்டுவந்தாள். நாற்பத்தெட்டு நாள் கழித்து அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. திருப்பூருக்குப் போயிருப்பார்கள் என்றார்கள். மூணுகிணத்துப்பட்டியில் பூட்டிய வீடு புதிதில்லை. பனியனுக்குத் திருப்பூர், கட்டட வேலைக்குச் சென்னை, மகள் வீட்டுக்கு ஓசூர் என்று வருஷத்துக்குப் பத்து வீடு பூட்டுகிற ஊர்தான். சொல்லாமல் போய்விட்டார்களே என்று கொஞ்சம் மனத்தாங்கல், அவ்வளவுதான். வடக்குத் தெரு தெரிந்தது, பரிவட்டம் கட்டிக்கொண்டது, பூட்டியது. பிறகு கோயில் தெரு. பட்டுத்துண்டு பற்றாமல் வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். தண்ணீரில் தலை சீவிக்கொண்டார்கள், சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டார்கள், தெரியாத பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். செண்பகவல்லி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய்ச் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டாள். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்றார்கள். ஒரு விதத்தில் அது உண்மைதான், அவளுக்கு அவர்கள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

ரேஷன் கடை வாரத்துக்கு ஒரு நாள் ஆனது, பிறகு மாதத்துக்கு ஒரு நாள். பஸ் மெயின் ரோட்டிலேயே திரும்பிக்கொண்டது. அடுத்த பங்குனியில் ஊரில் இருந்தது இரண்டு பேர், செண்பகவல்லியும் அம்பலமும். அவர் அப்போதும் தினம் காலையில் சவரம் செய்து, சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் காபி கொடுப்பாள், இப்போதெல்லாம் குடிப்பார்.

சித்திரை பாதியில் அவர் குனிந்தபோது தண்ணீருக்குள் வெள்ளைச் சட்டையும் சங்கிலியும் தெரிந்தன. அவர் நெடுநேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போய் வந்தார். கையில் பழைய பட்டுத்துண்டு, தாத்தா காலத்தது, மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது.

"கட்டிவிடு தாயி," என்றார். "கட்டுறதுக்கு ஆளில்ல."

அவள் கட்டினாள். பெண்கள் கட்டுகிற வழக்கம் இல்லாததால் எத்தனை சுற்று என்று அவளுக்குத் தெரியவில்லை, அவரே சொல்லிக் கொடுத்தார். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நாளு?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டு."

"அன்னைக்கு நீ வாசிச்சப்ப எனக்குப் புரிஞ்சுச்சு ஆத்தா," என்றார். "புரிஞ்சுச்சு. ஆனா எல்லாரும் தெரிஞ்சு நான் மட்டும் தெரியாமப் போயிருவேனோன்னு அதுதான் பயமா இருந்துச்சு."

அந்த நாற்பத்தெட்டு நாளும் அவர் இரண்டு வேளை அவள் வீட்டிலேயே சாப்பிட்டார். வைகாசி போய் ஆனி பிறந்தபோது, ஒரு காலையில் தட்டில் பாதி இட்லியும் பக்கத்தில் பட்டுத்துண்டும் இருந்தன.

செண்பகவல்லி தட்டைக் கழுவி வைத்தாள். துண்டை மடித்துத் திரவியத்தின் துண்டோடு வைத்தாள். கரண்டு நின்றுபோய் ரொம்ப நாளாகியிருந்தது, மூணுகிணத்துப்பட்டிக்கு லைன் பார்க்க வர ஆளில்லை. கிணற்றில் இறைத்துக் குடம் குடமாகத் தூக்கி வந்து குளத்தில் ஊற்றினாள். ஊற்றாவிட்டால் பத்து நாளில் வற்றிவிடும், வற்றிவிட்டால் தெரிவதற்கு இடம் இருக்காது. பன்னிரண்டு குடம் ஊற்றியபிறகு, அலை அடங்கும்வரை காத்திருந்து, சரிவுக்கல்லில் உட்கார்ந்து குனிந்தாள். வேம்பு தெரிந்தது. மேகம் தெரிந்தது. அவள் உட்கார்ந்த இடத்தில் வானம் தெரிந்தது.

நோட்டை எடுத்து, அவர் சொல்லிக் கொடுத்தபடி ஒரு கட்டமும் விடாமல் எழுதினாள். ஆனி ஒன்று. மனுஷர். தண்ணீரில், சைபர், அதைச் சின்னதாகப் போட்டாள். மேலே, ஒன்று. பெண். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.